சித்திரைக்கு மோட்டார், ஆடிக்கு விளக்கு

கீழ் பர்மாவில் மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. சித்திரையில் ஒரு நாள் வெயிலைத் திரட்டினால் 5.5 மணி நேர முழு வெயில் தேறும். ஆடியில் 3 மணி நேரம் கிடைத்தாலே பெரிது. பெகு, தட்டோன், மோல்மேன் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் சோலார் போடுகிறவர்கள் தண்ணீர் மோட்டாருக்குச் சித்திரைக் கணக்கும், வீட்டு விளக்குக்கு ஆடிக் கணக்கும் போட வேண்டும்.

ஊரில் 50 வீடு, வீட்டுக்கு 200 லிட்டர் என்றால் நாளைக்கு 10,000 லிட்டர். கிணற்று நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டி வாய் வரை 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த உயரத்தை மழைக்காலத்தில் அளந்துவிடாதீர்கள்; சித்திரையில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் சமயத்தில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது கயிறு விட்டுப் பாருங்கள். 1,000 லிட்டரை 1 மீட்டர் ஏற்ற சுமார் 2.7 வாட்மணி (1 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடத் தேவையான மின்சாரம் 1 வாட்மணி) செலவாகும். நம் தேவைக்கு 545. சிறிய மோட்டார் தான் வாங்கும் மின்சாரத்தில் 40 சதவீதம் அளவுக்கே வேலை செய்யும் என்பதால் 1,360 வேண்டும். சூடும் தூசியும் தின்றது போக, 1 வாட் பேனல் சித்திரையில் நாளைக்கு 4 வாட்மணி தரும். ஆக 340 வாட். 400 போட்டால் நிம்மதி.

இதற்குப் பேட்டரியே வேண்டாம். தொட்டியில் ஏறிய தண்ணீர்தான் சேமிப்பு. ஆடியில் மின்சாரம் பாதியாகும், ஆனால் கிணறும் மேலே வந்திருக்கும், கூரைத் தண்ணீரும் கொட்டும். கிணற்றுக்குள் மிதவை சுவிட்ச் மட்டும் கட்டாயம். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பதே அந்தத் தண்ணீர்தான். வறண்டு ஓடினால் கருகிப்போகும்.

விளக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. மூன்று 5 வாட் பல்பு, போன் சார்ஜ், 15 வாட் சின்ன ஃபேன் எல்லாம் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ராத்திரிக்கு 200 வாட்மணி. ஆடியில் 1 வாட் பேனல் 2 வாட்மணிதான் தரும். ஆகவே 100 வாட் பேனல். இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்க 400 வாட்மணி, அதாவது 12 வோல்ட்டில் 33 ஆம்பியர்மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, எனவே 70 வாங்க வேண்டும். லாரி பேட்டரி மலிவு என்று மாட்டுகிறார்கள்; அதன் தகடுகள் மெல்லியவை, வண்டியை ஒரு நொடி உதைத்துக் கிளப்பச் செய்தவை. தினமும் வற்ற விட்டால் தகட்டில் வெள்ளையாகப் படியும் ஈய சல்பேட் இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. பேட்டரி அளவுக்கு மீறி வற்றாமல் துண்டிக்கும் கன்ட்ரோலரைத் தாண்டி நேரடியாக வயர் இழுத்தாலும் இதே கதிதான்.

பேனலைத் தெற்குப் பார்த்து 17 முதல் 20 பாகை சாய்த்து வையுங்கள். உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு செல்லில் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துவிடும். நெல் அடிக்கும் நாட்களில் தூசியை விடியற்காலையில் கழுவுங்கள், சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

கோயில் மண்டபத்து விளக்கு மங்கினால் வயரைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் 20 மீட்டர் தூரம் போனால், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போகவர 2.4 வோல்ட்டை விழுங்கிவிடும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.9தான்.