பூ வரவில்லை என்றால் புல்லை எங்கே போட்டீர்கள்?

இங்கிலாந்துக் கிராமத்து சர்ச் கல்லறைத் தோட்டங்களில் வருடம் தவறாமல் இதே கூத்துதான். 'காட்டுப்பூக்களுக்காக விடப்பட்ட இடம்' என்று ஒரு பலகை. பின்னால் இடுப்பளவு நெட்டில் (பட்டால் சுருக்கென்று அரிக்கும் செடி), சாய்ந்து மக்கிய புல். பூ மட்டும் இல்லை. தொண்டர்கள் ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். அடுத்த வாரமே புல்வெட்டும் மோவர் வந்து எல்லாவற்றையும் மழித்துவிடுகிறது.

வெட்டாமல் விட்டால் பூ வரும் என்று யார் சொன்னது? 1930-களுக்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பூப்புல்வெளிகளில் ஏறத்தாழ 97 சதவீதம் போய்விட்டது. கல்லறைத் தோட்டங்களில் கொஞ்சம் மிஞ்சியதற்குக் காரணம், அங்கே ஏர் இறங்கவில்லை, உரம் விழவில்லை, புல்லை அறுத்துத் தீவனத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். காட்டுப்பூவுக்கு மெலிந்த மண்தான் வேண்டும். வயலுக்கு எரு போட்டுப் பழகிய புத்திக்கு இது ஏறாது. அறுத்த புல்லை அங்கேயே போட்டால் அதுதான் எரு. அதைத் தின்று கொழுப்பது நெட்டில். கௌஸ்லிப் போன்ற மஞ்சள் காட்டுப்பூ மூச்சுமுட்டிச் சாகும்.

ஜூலைக் கடைசியில், விதை முற்றியபின் அறுங்கள். மூன்று நான்கு நாள் காயவிட்டால் விதை உதிரும். பிறகு ஒரு பிடி விடாமல் வாருங்கள். உறவினர் வந்துபோகும் கல்லறைகளுக்கு மட்டும் பாதையை எப்போதும் ஒட்ட வெட்டி வையுங்கள், பாதிச் சண்டை தீரும்.

புல் அடர்த்தியாக இருந்தால் 'யெல்லோ ராட்டில்' என்ற செடியை விதையுங்கள். புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சி அதை மெலியவைக்கும் செடி. புல்லை 3 சென்டிமீட்டருக்கு வெட்டி, பாதி மண் தெரியும்வரை இரும்பு ரேக்கால் கீறி, சதுர மீட்டருக்கு 1 கிராம் தூவுங்கள். அந்த வருடத்து விதையாக இருக்கட்டும், நவம்பருக்குள் முடியுங்கள். குளிர்காலக் குளிர் படாமல் முளைக்காது. நம்மூர்க் கிலுகிலுப்பை போல, காய்ந்த காயை ஆட்டினால் சத்தம் கேட்கும். காய் அப்படிக் காயுமுன் அறுத்தால் மறுவருடம் அது இல்லை. பாப்பி விதைப் பொட்டலத்தைப் புல்லுக்குள் வீசுவது வீண், அது உழுத நிலத்துப் பூ.

வாரிய புல்லை வெயில்படும் மூலையில் குவியுங்கள். யூ மரத்தடியில் வேண்டாம். குவியலுக்குள் ஸ்லோ வொர்ம் குடியேறும். பாம்பு இல்லை ஐயா, காலில்லாத பல்லி! கொளுத்தாதீர்கள். கையால் பிடித்துப் புல்வெட்டும் ஸ்டிரிம்மரை ஓட்டுமுன் குச்சியால் புல்லை விலக்கிப் பாருங்கள், முள்ளெலி ஓடாது, சுருண்டு படுத்துக்கொள்ளும்.

தயவுசெய்து கல்லறைக் கற்களைக் கம்பி பிரஷ்ஷாலும் பிளீச்சாலும் தேய்க்காதீர்கள். அந்த மஞ்சள், சாம்பல் திட்டுகள் அழுக்கல்ல, லைக்கன். குழம்பில் போடும் கல்பாசியின் உறவு. பிரிட்டன் கல்லறைத் தோட்டங்களில் மட்டும் 700-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் பல, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை.