ஆல்பம்: பேழையா, ஏடா?

"1940-இல் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் முதல் இசைப்பேழை உறையை வரைந்தார்." இசைத்தட்டு வரலாற்றைத் தமிழில் எழுதுபவர்கள் கைக்கு முதலில் வரும் வாக்கியம் இது. ஆண்டு சரி, அமெரிக்க வடிவமைப்பாளரான ஆளும் சரி. 'ஆல்பம்' என்பதற்குப் போட்ட பேழையும் தப்பு, 'கவர்' என்பதற்குப் போட்ட உறையும் தப்பு.

லத்தீனில் 'அல்பஸ்' என்றால் வெள்ளை. ரோமாபுரியில் அரசு அறிவிப்பு எழுதிவைத்த வெண்பலகை 'ஆல்பம்'. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிய வெற்றேட்டுக்கு அந்தப் பெயர் போனது. பிறகு தபால்தலை, புகைப்படம். இந்த வழியில் எங்கும் பெட்டி குறுக்கிடவில்லை.

இசைத்தட்டுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் வெறும் கணக்கு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டில், 10 அங்குலமானால் பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம், 12 அங்குலமானால் 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 40 நிமிடச் சிம்பொனிக்கு 5 தட்டு வேண்டும். 1909-இலேயே ஓடியன் நிறுவனம் சைக்காவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' இசையை 4 இருபக்கத் தட்டுகளில் ஒரே கட்டாக விற்றது. பின்னால் நிலைத்த வடிவம் இதுதான்: தடித்த பழுப்புக் காகிதப் பைகள் பக்கங்களாக, எல்லாம் முதுகில் பிணைக்கப்பட்டு, முன்னும் பின்னும் துணியோ தோல்மாதிரித் தாளோ ஒட்டிய கெட்டி அட்டை. பெயர் முதுகில் மட்டும். கடையில் புத்தகம்போல முதுகு தெரிய நிற்கும். ஸ்டைன்வைஸ் இவற்றைக் கல்லறைக் கற்கள் என்றார். கெடுவதும் புத்தகம் கெடுவதுபோலத்தான்: தட்டின் பாரம் விழும் பையின் அடிப்பக்கம் முதலில் பிரியும், பிறகு முதுகு மூட்டு விடும். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ அடியில் இருக்கும் தட்டு விரிசல் விடும்.

ஸ்டைன்வைஸ் 1939-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ராட்ஜர்ஸ்–ஹார்ட் என்ற பாடலாசிரியர் இரட்டையரின் பாடல்களின் தொகுப்புக்காக, நியூயார்க் இம்பீரியல் தியேட்டரின் முகப்பு விளக்குப் பலகையில் தொகுப்பின் பெயரையே மாட்டச்செய்து படம் எடுக்கவைத்தார். அதை அச்சிட்டு முன் அட்டையில் ஒட்டினார்கள். புரூனோ வால்ட்டர் நடத்திய பேத்தோவன் 'எரோய்க்கா' சிம்பொனிக்குப் புதிய படம் போட்டதும் விற்பனை 895 சதவீதம் ஏறியதாக 'நியூஸ்வீக்' எழுதியது. கெட்டி அட்டைமேல் ஒட்டிய படத்துக்கு, வார இதழ் வாங்கும் யாரும் சொல்லும் பெயர் அட்டைப்படம். அதை விட்டுவிட்டு 'மேலுறை', 'முகப்புறை' என்று ஏன் அலைய வேண்டும்?

இனி பேழை. நோவாவின் பேழை, உடன்படிக்கைப் பேழை, நகைப்பேழை எல்லாமே மூடியுள்ள பெட்டிகள். இசைக்கு அது வந்தது கேசட் காலத்தில், 'ஒலிப்பேழை'யாக. அங்கே அது அருமையான சொல். 'கேசட்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சிறு பெட்டி என்றுதான் பொருள். கேசட்டோடு ஓய்வு பெற்றிருக்க வேண்டிய சொல்லை ஆல்பத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள். இன்று கைப்பேசியில் மட்டும் கேட்கும் ஆறு பாட்டுக்கும் 'இசைப்பேழை வெளியீடு' என்று அழைப்பிதழ் அடிக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் 1940-ஐப் பற்றி எழுதும்போது அதே சொல்லைப் போட்டால், படிப்பவர் மூடியில் படம் ஒட்டிய பெட்டியை நினைத்துக்கொள்கிறார். தூய தமிழ்தானே என்று சமாதானம் சொல்வதில் பயனில்லை. பொருள் தவறும் தூய சொல்லைவிட 'ஆல்பம்' என்றே எழுதுவது மேல்.

தமிழில்தான் வேண்டுமென்றால் ஏடு. கணக்கேடு, பதிவேடு, குறிப்பேடு வரிசையில் தட்டேடு. 'இசையேடு' கேட்க இனிமைதான். ஆனால் நாளேடும் வார ஏடும் புழங்கும் ஊரில் அது இசைப் பத்திரிகையாகிவிடும். 'தொகுப்பு' இன்றைய வெளியீடுகளுக்குப் போதும், அது உள்ளே இருப்பதைச் சொல்கிறது. ஆனால் தொகுப்புக்கு முதுகு ஏது, மூட்டு ஏது?

உறைக்கும் இடம் உண்டு. தனித் தட்டு வந்த, நடுவில் வட்ட ஓட்டை போட்ட காகிதம் உறை. 1948-இல் கொலம்பியா 'எல்பி' என்ற நெடுநேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்தபோது, பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஒரே தட்டில் அடங்கியது. ஏடு போயிற்று, ஆல்பம் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. முதலில் பயன்படுத்திய கனத்த பழுப்புக் காகித உறை, மென்மையான வினைல் மேல் தடம் பதித்துக் கெடுத்தது. அதற்கு மாற்றாக மெல்லிய அட்டையில் அச்சுத்தாள் ஒட்டிய புதிய உறையை உருவாக்கியவரும் ஸ்டைன்வைஸ்தான். அதை அட்டையுறை என்னலாம், உள்ளே இருக்கும் காகிதத்தை உள்ளுறை என்னலாம். ஆக, 1940 என்றால் தட்டேட்டின் அட்டைப்படம், 1948-க்குப் பிறகு எல்பியின் அட்டையுறை. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதால், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

பேழை என்ற சொல் வீணாகவும் வேண்டாம். முழு ஓப்பராக்கள் மூன்று நான்கு எல்பிகளாக, பாடல் வரிகள் அச்சிட்ட புத்தகத்தோடு, மூடி போட்ட அட்டைப்பெட்டியில் வந்தன. அவற்றை இசைப்பேழை என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.