கம்மலை அடகு வைக்கும் முன் இந்த அலுவலகத்துக்கு வாருங்கள்

போன வாரமும் ஒரு பெண். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிறவர். ஜீவனாம்ச வழக்குப் போடுவதற்காகக் கம்மலை அடகு வைத்து யாரோ ஒரு புரோக்கர் கையில் கொடுத்திருக்கிறார். மனுவைக் கோர்ட்டில் ஏற்று இன்னும் நம்பர்கூடப் போடவில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்டிருக்கலாமே அம்மா என்றேன். "என் பேரில் ஓட்டு வீடு ஒன்று இருக்கிறதே சார், எனக்கு எப்படிக் கொடுப்பார்கள்?" என்றார்.

கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன கேள்வி இது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவில், இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் பட்டியலில் 'பெண்' என்று இருக்கிறது. 'ஏழைப் பெண்' என்று இல்லை. வீடு இருக்கட்டும், நிலம் இருக்கட்டும், மாதச் சம்பளம் வாங்கும் டீச்சராகவே இருக்கட்டும், பெண் என்பதே போதும். வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் இதேதான். பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தப் பட்டியலில் வராதவர்களுக்குத்தான் வருமான வரம்பு. இதைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது.

'அரசு வக்கீல்தானே வருவார், போலீஸ் பக்கம் பேசிவிடுவாரே' என்று பயப்படுகிறவர்கள் இன்னொரு ரகம். அவர் வேறு, இவர் வேறு. பெரும்பாலும் இந்தப் பணிக்கென்று பெயர் பதிந்துகொண்ட, வெளியே கட்டணம் வாங்கி வழக்கு நடத்தும் எங்களைப் போன்ற வக்கீல்கள் வருவோம். எங்களுக்கான ஊதியத்தை ஆணைக்குழு தருகிறது. அது சொற்பம்தான், அதனால் சிலர் வாய்தா வாங்கியே காலம் தள்ளுவதும் உண்டு, மறைக்க மாட்டேன். அப்படி ஒருவர் மாட்டினால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் ஒரு நீதிபதி. வக்கீலை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அதையும் அங்கேயே சொல்லுங்கள்.

போக வேண்டிய இடம் வேலூர் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்; எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். வர முடியாதவர்கள் 15100க்குப் போன் செய்யலாம். தொரப்பாடி சிறையில் மகன் இருக்கிறான் என்று வட்டிக்கு வாங்க ஓடும் அம்மாக்களே, உள்ளிருந்தே அவன் மனு கொடுக்கலாம்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். சம்மன் வந்தால் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். சிவில் வழக்கில் பதிலுரைக்கு, அதாவது எழுத்தில் பதில் கொடுக்க, 30 நாள். நீதிமன்றம் மனது வைத்தால் 90 நாள் வரை. அதற்குள் எந்த வக்கீலும் போகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். சம்மன் கைக்கு வந்த மறுநாளே அதோடு ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அசல் பத்திரங்களை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், என்னிடமும்தான்.