குவியலில் கலந்த இரண்டு கடல்கள்

கீழக்கரையில் ஒரு சங்கு வணிகரின் முற்றத்தில் என் முதல் ஆய்வு வீணாய்ப் போனது. அன்று காலை கரைக்கு வந்த சங்குகள் சாக்குப்படுதாவின் மேல் குவிந்து கிடந்தன. அவற்றில் நூறு சங்குகளை எடுத்து, ஒவ்வொன்றின் பாதத்திலிருந்தும் அரிசி மணி அளவு தசையை நறுக்கி, ஆல்கஹால் ஊற்றிய சிறு குப்பிகளில் போட்டு, ஒன்று முதல் நூறு வரை எண் எழுதினேன். இடுப்பு விட்டுப்போனது. எழுந்து நின்றபோது வணிகர் பக்கத்தில் வந்து, தென்கடல் சங்கு எது, வடகடல் சங்கு எது என்று பிரித்துக் குறித்துக்கொண்டீர்களா தம்பி என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் குவியலில் இருந்து இரண்டைக் கையில் எடுத்து, இது ஜாதி, தென்கடல்; இது பட்டி, வடகடல் என்றார். ஒன்று சற்றுத் திரண்டிருந்தது. மற்றொன்று சற்று நீண்டிருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது என் குப்பிகளில் இல்லை.

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல் உண்டு. மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என்று நீளும் நிலத்தின் வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது அலையடங்கிய, ஆழம் குறைந்த கடல். தெற்கே இருப்பது அலை மிகுந்தது. ஆண் கடல், பெண் கடல் என்று தனுஷ்கோடியில் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே பாம்பன் கால்வாயும் இராமர் பாலத்து மணல் திட்டுகளும் மட்டுமே. இந்த இரண்டு கடல்களின் சங்குகளும் ஒரே கூட்டமா, இரண்டு கூட்டமா என்பதுதான் நான் கேட்க வந்த கேள்வி. கேள்வியின் விடையையே கலந்துவிட்டுக் குப்பியில் போட்டிருந்தேன்.

ஓர் உயிரினக் கூட்டத்தில் எவ்வளவு மரபணு வேறுபாடு இருக்கிறது என்பதை அளப்பது ஒரு வகையில் எளிய எண்ணிக்கை வேலைதான். ஒவ்வொரு சங்குக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. ஒரு மரபணுவுக்கு அ, ஆ என்று இரண்டு வடிவங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சங்கு அஅ ஆக இருக்கலாம், ஆஆ ஆக இருக்கலாம், அல்லது இரண்டும் கலந்த அஆ ஆக இருக்கலாம். கூட்டத்தில் கலப்பு இணை கொண்டவை எத்தனை விழுக்காடு என்பதே மரபணு வேறுபாட்டின் அடிப்படை அளவுகோல்.

கணக்குக்காக ஒரு நூறு சங்கை எடுத்துக்கொள்வோம். அ வடிவம் நூற்றுக்கு 70, ஆ வடிவம் நூற்றுக்கு 30. எந்தச் சங்கும் எந்தச் சங்கோடும் தடையின்றி இணையுமானால், அடுத்த தலைமுறையில் அஅ 49, அஆ 42, ஆஆ 9 என்று வரவேண்டும். 1908இல் ஹார்டி என்ற ஆங்கிலக் கணிதரும் வீன்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவரும் தனித்தனியாகக் காட்டிய கணக்கு இது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடும் இந்தச் சமன்பாட்டின் அருமை கடற்கரையில்தான் தெரியும்.

என் குவியலைப் போன்ற ஒன்றில் என்ன நடக்கும் என்று பாருங்கள். தென்கடலில் அ வடிவம் 90 விழுக்காடு, வடகடலில் 50 விழுக்காடு என்று இருக்கட்டும். இரண்டு கடலிலும் இணைசேர்தல் தடையின்றியே நடக்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் 50 சங்கை எடுத்து ஒன்றாகக் கொட்டினால் அ வடிவம் மொத்தத்தில் அதே 70 விழுக்காடுதான். ஆனால் எண்ணிப் பார்த்தால் அஅ 53, அஆ 34, ஆஆ 13 என்று வரும். 42 இருக்கவேண்டிய கலப்பு இணைகள் 34 ஆகக் குறைந்திருக்கும். குவியலின் வரலாறு தெரியாதவன் இந்தக் குறைவைப் பார்த்து, சங்குகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைகின்றன என்று எழுதிவிடுவான். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த எட்டு சங்குகளின் குறைவுக்கு உறவு காரணமில்லை. இரண்டு கடலை ஒன்றென்று எண்ணியதே காரணம். இதைத் திருப்பிப் போட்டால் அதுவே கருவியாகிறது. இரண்டு கூட்டங்களும் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்பதை அந்தக் குறைவைக் கொண்டே அளக்கலாம். 42இல் 8 என்பது ஏறக்குறைய 0.19. சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் உருவாக்கிய இந்த அளவு, சுழியானால் ஒரே கூட்டம்; ஒன்றானால் முற்றிலும் வேறான கூட்டங்கள்.

மரபணுவின் வடிவங்களைக் கண்ணால் பார்க்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 1966இல் லெவொன்டின், ஹப்பி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பழ ஈக்களை அரைத்து, அந்தச் சாற்றிலிருந்த புரதங்களை ஒரு கூழ்மப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டார்கள். மின்னேற்றம் வேறுபட்ட புரதங்கள் வெவ்வேறு தூரம் ஓடி நின்றன. 18 மரபணுக்களைப் பார்த்ததில், ஒரு கூட்டத்துக்குள் சராசரியாக 30 விழுக்காடு மரபணுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருந்தன. ஒரு தனி ஈயை எடுத்தால் அதன் மரபணுக்களில் ஏறக்குறைய 12 விழுக்காடு கலப்பு இணைகள். ஓரினத்து உயிர்களெல்லாம் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மாறுபட்டது எப்போதாவது வரும் பழுது என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. இன்று புரதம் வேண்டாம். அரிசி மணித் தசையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எழுத்து எழுத்தாகவே படித்துவிடலாம். கொரோனாவுக்குப் பிறகு பி.சி.ஆர். என்ற சொல்லை நம் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இப்போது சங்கிடம் திரும்புவோம். மன்னார் வளைகுடாக் கரையில் சில மாதங்களில் ஒரு விந்தையான பொருள் ஒதுங்கும். ஏறக்குறைய ஒரு சாண் நீளம், ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுக்கு, கொம்பு நிறம், தொட்டால் காய்ந்த தோல் போன்ற மொரமொரப்பு. சங்கு குளிப்பவர்கள் இதைச் சங்குப்பூ என்பார்கள். வேலியில் பூக்கும் நீலப் பூ அல்ல, இது சங்கின் முட்டைக்கூடு. தாய்ச்சங்கு அதன் அடியை மணலில் ஊன்றி, அறைமேல் அறையாக அடுக்கிக் கட்டுகிறது. நகத்தால் ஓர் அறையைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே சில குட்டிச் சங்குகள், ஓட்டோடும் முறுக்கோடும், பெரிய சங்கின் அச்சாக இருந்தன.

இந்தக் கூட்டுக்குள்தான் என் கேள்விக்கு உயிரியல் தரும் பாதி விடை இருக்கிறது. கடலில் வாழும் பல உயிர்களின் குஞ்சுகள் நீரில் மிதந்து ஊர்சுற்றும். இறாலும் நண்டும் அப்படி. கடல் வெள்ளரி என்றும் சொல்லப்படும் கடல் அட்டையின் குஞ்சு ஏறக்குறைய இரண்டு வாரம் நீரோட்டத்தோடு போகும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் நீர் பாம்பன் வழியாக வடக்கிலிருந்து தெற்கே ஓடும்; தென்மேற்குப் பருவத்தில் திரும்பும். மிதக்கும் குஞ்சுக்கு இரண்டு கடலும் ஒரே வீட்டின் இரண்டு திண்ணைகள். சங்குக் குட்டியோ மிதப்பதே இல்லை. கூட்டை விட்டு வெளியே வந்த இடத்திலேயே மணலில் தவழத் தொடங்குகிறது. இரண்டு கடலுக்கும் இடையே மரபணு போய்வர, சங்கு தவழ்ந்தே ஆகவேண்டும், அதுவும் தலைமுறை தலைமுறையாக. இப்படிப்பட்ட உயிரில் கூட்டங்கள் பிரிந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதனாலேயே, ஒரு பகுதியில் சங்கு அற்றுப்போனால் பக்கத்துப் பகுதியிலிருந்து குஞ்சு மிதந்து வந்து நிரப்பும் என்று எண்ணியிருக்க முடியாது.

ஜாதிக்கும் பட்டிக்கும் உள்ள உருவ வேறுபாடு மட்டும் மரபணுவுக்குச் சான்றாகாது. அலை, மணல், இரை எல்லாம் ஓட்டின் வளர்ச்சியை மாற்றும். வலம்புரிச் சங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரபணு வேறுபாட்டின் வெளித்தோற்றம் என்று அதைப் பார்த்தவுடன் சொல்லத் தோன்றும். குளத்து நத்தை ஒன்றில் முறுக்கின் திசையை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: குஞ்சு எந்தப் பக்கம் முறுக்கும் என்பதை அதன் சொந்த மரபணு தீர்மானிப்பதில்லை, தாயின் மரபணு தீர்மானிக்கிறது. 1923இல் ஸ்டர்ட்டெவண்ட் என்ற அமெரிக்க மரபியலாளர் அந்தக் கணக்கைச் சொன்னார். நத்தையின் ஓடு அதன் அம்மாவைப் பற்றிப் பேசுகிறது. ஓட்டைப் பார்த்து மரபணுவை எண்ண முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வேறுபாடு எப்படி அழிகிறது என்பதற்கு ஒரே ஒரு சிறு சூத்திரம் போதும். ஒவ்வொரு தலைமுறையிலும், பெற்றோர் எண்ணிக்கையின் இருமடங்கில் ஒரு பங்கு வேறுபாடு தற்செயலாகவே கழிந்துபோகிறது. பெற்றோர் 500 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்துத் தலைமுறை கழிந்தாலும் ஒரு விழுக்காடுதான் போயிருக்கும். பெற்றோர் பத்தே என்றால் தலைமுறைக்கு 5 விழுக்காடு. பத்துத் தலைமுறையில் 40 விழுக்காடு போய்விடும். யாரும் கொல்லவேண்டியதில்லை, நோய் வரவேண்டியதில்லை. இதற்கு மரபியல் நகர்வு என்று பெயர்.

இங்கேதான் கடல் நம்மை ஏமாற்றுகிறது. கணக்கில் வரும் எண் கடலில் நீந்தும் தலைகளின் எண்ணிக்கை அல்ல. மரபணுவை உண்மையில் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவற்றின் எண்ணிக்கை; இதைப் பயனுறு எண் என்பார்கள். ஒரு பெண் கடல் அட்டை லட்சக்கணக்கில் முட்டையிடும். அந்த ஆண்டு சரியான இடத்தில், சரியான ஓட்டத்தில் முட்டையிட்ட சிலவற்றின் குஞ்சுகள் மட்டும் பிழைத்தால், கடல் நிறைய அட்டை இருக்கும், பெற்றோர் மட்டும் சிலராக இருப்பார்கள். ஒரு கெட்ட ஆண்டும் அதைப் போலத்தான். ஒன்பது தலைமுறை 1,000 பெற்றோர், நடுவே ஒரே ஒரு தலைமுறையில் 10 பெற்றோர் என்றால், பத்துத் தலைமுறைக்குமான பயனுறு எண் 92தான். ஆயிரங்கள் அந்தப் பத்தை ஈடுகட்டுவதில்லை. கடல் அட்டை பிடிப்பதற்கு 2001இல் தடை வந்தது நம் கரையில் பல குடும்பங்களின் அடுப்பை அணைத்தது. அந்தத் துயரம் உண்மை. மண்ணில் அட்டைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடந்தால் முட்டையும் விந்தும் நீரில் சந்திக்காமலே கரைந்துபோகும் என்பதும் உண்மை.

குஞ்சு பொரிப்பகங்களைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. மண்டபத்தில் இறால் குஞ்சுகளை வளர்த்துப் பாக் விரிகுடாவில் விடும் வேலை நடக்கிறது, நல்ல வேலை. ஆனால் எந்தப் பொரிப்பகத்திலும் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆண் ஒன்று, பெண் ஒன்பது என்று பத்து உயிர்களை வைத்தால் கணக்கில் அது பத்து இல்லை, 3.6. ஒரே தலைமுறையில் ஏறக்குறைய 14 விழுக்காடு வேறுபாடு போய்விடும். அப்படி ஒரு சில தாய்களின் குஞ்சுகளை லட்சக்கணக்கில் விட்டால், கடலில் எண்ணிக்கை கூடும், கடலின் மரபணு வளமோ குறையக்கூடும். ஆணும் பெண்ணும் சமமாக, வெவ்வேறு இடங்களில் பிடித்தவையாக, ஒவ்வொரு முறையும் புதியவையாக எடுப்பதற்குச் செலவு அதிகம். அந்தச் செலவைச் செய்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது நேரும் பிழைகளிலிருந்துதான் முதலில் வருகிறது, மிக மெதுவாக. பல வேறுபாடுகள் நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது. பிழைகள் சேர்வதும் நகர்வு கழிப்பதும் ஈடாகும் அளவில் அவை நிற்கும் என்று 1968இல் கிமுரா என்ற ஜப்பானிய மரபியலாளர் வாதிட்டார். சிலவற்றை இயற்கைத் தேர்வே காத்து வைக்கிறது. அரிவாள் வடிவச் சிவப்பணு மரபணுவை ஒரே ஒரு பிரதியாகக் கொண்டவரை மலேரியா அவ்வளவாகத் தாக்காது. இரண்டு பிரதியும் அதுவேயானால் கடும் நோய். அதனால் அந்த மரபணு அழியவும் இல்லை, பரவி நிறையவும் இல்லை. 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் அது கண்டறியப்பட்டது.

நம் கரைக்கு இன்னொரு செய்தி பொருந்தும். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அவ்வளவு ஆழமில்லாத பாக் விரிகுடா முழுவதும் அப்போது தரை. தேவிபட்டினத்துக் கடலில் இன்று இருக்கும் ஒவ்வொரு சங்கின் முன்னோரும், கடல் ஏறி வந்த பிறகு வேறு எங்கிருந்தோ தவழ்ந்து குடியேறியவை. குடியேறியவை கொண்டுவந்த மரபணுக்களில்தான் வடகடலின் கூட்டம் தொடங்கியிருக்கிறது.

குப்பிகளை நான் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த பருவத்தில் சங்கு குளிப்பவர்களின் வள்ளத்திலேயே போய், எடுத்த இடத்தையும் ஆழத்தையும் சங்கு கையில் வந்த அந்த நொடியே குறித்துக்கொண்டேன். மண்டபத்தில் வடகரையில் நிரப்பிய குப்பிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தென்கரைக்கு நடந்தே போனேன். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஒரு பெட்டியில் சிவப்பு மையில் வ என்றும், மற்றதில் நீல மையில் தெ என்றும் எழுதினேன்.