ஆர்கெஸ்ட்ராவுக்குள் மூழ்கிப்போகும் புதுக்கவிதை

புதுக்கவிதைக்குப் பாடகர் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்த்து இசையமைக்கும் இளைஞர்கள் என்னிடம் காட்டும் படைப்புகளில் இசை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கவிதைதான் காதில் விழுவதில்லை. வழிபாட்டு வரிகளை அரங்கம் முன்பே அறிந்திருப்பதால், பாதிச் சொற்கள் மூழ்கினாலும் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். எதுகையும் சந்தமும் கைகொடுக்காத, அடுத்த சொல்லை ஊகிக்க இடம்தராத கவிதையிலோ, ஒரு சொல் போனால் வரியே போய்விடுகிறது.

இதற்குப் பாடகரின் உச்சரிப்பைக் குறைசொல்வது வழக்கம். அது பல நேரங்களில் நியாயமற்றது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலியாற்றல் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 500 அதிர்வுகள்) அருகே செறிந்திருக்க, பயிற்சி பெற்ற ஆண் குரல் 3000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் தனக்கென ஒரு செறிவை உண்டாக்கி அதைக் கடந்து ஒலிக்கிறது. ஆனால் சொப்ரானோ என்னும் உச்சப் பெண் குரல் 880 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது, உயிரொலிகளை வேறுபடுத்தும் வாயறை ஒத்ததிர்வுக்கும் மேலே சுருதி போய்விடுவதால், ‘இ’, ‘எ’, ‘ஆ’ எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கின்றன. எத்தனை தேர்ந்த பாடகியாலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. கவிதையின் போக்கு மாறும் சொல்லை உச்சத்தில் வைக்க விரும்புபவர் (யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை!) அதை நடு ஸ்தாயியிலும் ஒருமுறை கேட்கவைக்க வேண்டும்.

1962-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்தில் அரங்கேறிய ‘வார் ரெக்வியம்’ என்னும் இரங்கல் வழிபாட்டிசைப் படைப்பில் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் செய்த பங்கீட்டைக் கவனியுங்கள். பலர் அறிந்த லத்தீன் வழிபாட்டு வரிகள் சொப்ரானோவுக்கும் பாடகர் குழுக்களுக்கும் போகின்றன. முதல் உலகப் போரில் மடிந்த ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவனின் போர்க் கவிதைகளோ டெனர், பாரிட்டோன் என்னும் இரு ஆண் தனிக்குரல்களுக்கும் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வாத்தியக் குழுவுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. புதிய சொல்லுக்கு மெல்லிய பின்னணி என்பதே அதன் கணக்கு.

வரியைத் திரும்பப் பாடுவதும் வெட்டுவதும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும் காரியங்கள். பதிப்புரிமை இந்தியாவில் கவிஞர் மறைந்து 60 ஆண்டுகள் வரையும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டுகள் வரையும் நீடிப்பதால், முதல் ஸ்வரத்தை எழுதும் முன்பே எழுத்துவழி அனுமதி பெற்றுவிடுங்கள். நிகழ்ச்சிக் கையேட்டில் கவிதையை அச்சிடுவதற்கான அனுமதியையும் அதே கடிதத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அப்படி அச்சிட்டால், பார்வையாளர் படிக்குமளவுக்கு அரங்க விளக்குகளை எரியவிடும்படி மேடைப் பொறுப்பாளரிடமும் சொல்லிவையுங்கள்.