கல்லுக்குள் ஒரு ஃபில்டர்

60 லிட்டர் உப்புநீர்த் தொட்டி, ஒரு ஜோடி க்ளவுன் மீன், கையில் அதிகம் காசு இல்லை. எந்த ஃபில்டர் வாங்கலாம்? புதிதாகக் கடல்மீன் வளர்க்க வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தொட்டி விளிம்பில் மாட்டும் சாதாரண ஹேங்-ஆன் ஃபில்டரே போதும். மிச்சமாகும் காசை நல்ல துளையுள்ள கல்லில் போடுங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையில் பெரும்பங்கு அந்தக் கல்லுடையது.

மீன் அமோனியாவைச் செவுள் வழியே வெளியேற்றும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். நன்னீர்த் தொட்டியிலும் இதே கதை என்றாலும் உப்புநீரில் ஆபத்து கூடுதல். பிஎச் 7 உள்ள நீரில், மொத்த அமோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் சுமார் அரை சதவீதம். கடல்நீரின் பிஎச் 8.2; அங்கே அது பத்து மடங்குக்கு மேல் எகிறிவிடும். போதாக்குறைக்கு, 25 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் கரையும் ஆக்சிஜனைவிடக் கடல்நீரில் கரைவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே எந்த ஃபில்டரானாலும் நீரின் மேற்பரப்பை நன்றாகக் கலக்குகிறதா என்று பாருங்கள். அருவிபோல் கொட்டும் ஹேங்-ஆன் இதைத் தானாகவே செய்துவிடும்.

இனி கல். கைப்பிடி அளவு கல் ஒன்றைத் தொட்டிக்குள் தொட்டால் லேசாக வழுக்கும். அந்த வழுவழுப்புக்குள் நுண்ணுயிர்களின் இரண்டு கூட்டம் குடியிருக்கிறது. ஒன்று அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். மற்றது நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். சர்க்கரையோ வெயிலோ இவற்றுக்கு வேண்டாம். அமோனியாவிலிருந்தும் நைட்ரைட்டிலிருந்தும் ஆற்றலை எடுத்து, கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு உடலைக் கட்டிக்கொள்ளும் உயிர்கள் இவை. மண்ணில் வாழும் இவற்றின் இனத்தை 1890வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராத்ஸ்கி பிரித்துக் காட்டினார். அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் பிறகு, 2005இல், அமெரிக்காவின் சியாட்டில் அக்வேரியத்தில் ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியின் அடியில் கிடந்த கற்களிலிருந்து நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் பிரித்தெடுக்கப்பட்டது. பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்ற தனிப் பெரும்பிரிவைச் சேர்ந்த நுண்ணுயிர், அமோனியாவைத் தின்று வாழ்ந்துகொண்டிருந்தது! இதன் உறவினங்கள் உலகக் கடல்கள் எங்கும் பெருங்கூட்டமாக வாழ்கின்றன.

இதுவரை சொன்னதை, பாக்டீரியா ஒட்டி வளர ஃபில்டரில் போடும் பிளாஸ்டிக் பந்தும் செய்யும். துளையுள்ள கல் அதற்கு மேலும் ஒரு படி போகிறது. துளை வழியே உள்ளே கசியும் நீரின் ஆக்சிஜனை மேலே குடியிருப்பவை வழியிலேயே உறிஞ்சிவிடுகின்றன. சில மில்லிமீட்டர் ஆழம் போனால் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. அங்கே இருக்கும் பாக்டீரியா, ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டையே சுவாசிக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டபின் எஞ்சுவது நைட்ரஜன் வாயு. அது நீரைவிட்டுக் காற்றில் கலந்துவிடும். மாடிவீட்டுக்காரர் கழித்துப்போட்டதே கீழ்வீட்டுக்காரருக்கு மூச்சு. இரண்டுக்கும் இடையே அரை விரல் அகலம்கூட இல்லை. பிளாஸ்டிக் பந்தில் எல்லாப் பக்கமும் ஆக்சிஜன் படுவதால் வேலை நைட்ரேட்டோடு நின்றுவிடுகிறது.

காய்ந்த கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே குடித்துவிட்டால் நல்ல கல். உருண்டு ஓடினால் வேண்டாம். 60 லிட்டருக்கு 6 கிலோ போல வைக்கலாம். மணலில் படுக்கவைக்காமல் மூன்று முனையில் நிறுத்தி, நடுவே நீர் ஓட இடைவெளி விடுங்கள்.

ஃபில்டர் மணிக்குத் தொட்டியின் பத்து மடங்கு நீரையாவது சுற்ற வேண்டும். அதாவது 600 லிட்டர். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் பஞ்சு வைக்காமல் அளந்தது என்பதால் 800 போட்டதை எடுங்கள். மோட்டார் நீருக்குள் மூழ்கியிருக்கும் ரகம் நல்லது. கரண்ட் போய் வந்தாலும் தானே ஓடத் தொடங்கும். மோட்டார் மேலே இருக்கும் ரகம் சில நேரம் நீர் ஏறாமல் வெறுமனே சுற்றிச் சூடேறும். உள்ளே சுழலும் தண்டு செராமிக்காக இருக்கட்டும். இரும்பு உப்பில் துருப்பிடிக்கும்.

கூட வரும் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் கனத்துக்குப் பஞ்சு வையுங்கள், பின்னால் வலைப்பையில் இரண்டு கரண்டி ஆக்டிவேட்டட் கார்பன் (நீரில் கரைந்த கழிவை உறிஞ்சும் கரி). கார்பனை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். பஞ்சை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். பஞ்சில் சிக்கிய அழுக்கு கண்ணுக்கு மறைந்ததே தவிர இன்னும் அதே தண்ணீரில்தான் ஊறி அழுகுகிறது. உறிஞ்சு குழாயில் மாட்டும் ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

இதைவிட மலிவு, காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஆனால் குமிழி வெடித்துத் தெறிக்கும் நீர் விளக்கிலும் பிளக்கிலும் உப்பாகப் படியும். தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாயால் இணைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய பெட்டி; பல மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, திரும்ப ஓடும்போது கெட்ட நீரைத் தொட்டியில் கொட்டும். நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் அருமையான கருவிதான், ஆனால் இந்த அளவுத் தொட்டியில் வாரம் 6 லிட்டர் நீர் மாற்றினாலே அது தேவைப்படாது. புது நீரின் ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும், நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 இருக்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு மட்டும் நன்னீர் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

உடனே மீனை விடாதீர்கள். கல், மணல் போக 50 லிட்டர் நீர் என்றால் 0.3 கிராம் அமோனியம் குளோரைடு போட்டால் அமோனியா சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். அது 24 மணி நேரத்தில் தீர்ந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை காத்திருங்கள். பொதுவாக நாலு முதல் ஆறு வாரம். கல்லின் உட்புறக் கூட்டம் வளர மாதக்கணக்கு ஆகும். ஆகவே மீன் விடும்முன் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதி நீரையாவது மாற்றிவிடுங்கள்.

மீன் தூங்க வேண்டும் என்று இரவில் ஃபில்டரை நிறுத்தும் நம்பிக்கை பலருக்கு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். விளக்கணைந்ததும் பாசி ஆக்சிஜன் தருவதை நிறுத்தி, தானும் அதை எடுக்கத் தொடங்கும். மீனுக்கும் கல்லுக்கும் நீரோட்டம் மிக அதிகமாகத் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான்.