சஸ்பென்ஷன்: இடைநீக்கமும் இல்லை, தொங்கலும் இல்லை

‘பழைய டிரக்கில் இடைநீக்க லிஃப்ட் கிட்டை வீட்டிலேயே நிறுவுவது எப்படி’ என்ற தலைப்பை இன்னும் எத்தனை தடவைதான் பார்ப்பது? அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இப்போது பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிப் போட்டு, சனி ஞாயிறில் வீட்டு வாசலிலேயே அதைப் பிரித்து மேய்ந்து, வண்டியின் உயரத்தைக் கூட்டும் ‘லிஃப்ட் கிட்’ மாட்டுகிறார்கள். அதைப் பற்றித் தமிழில் ஏதாவது படிக்கலாம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இந்த ‘இடைநீக்கம்’தான்.

இடைநீக்கம் என்பது லஞ்சம் வாங்கி மாட்டிய ஊழியருக்கு, விசாரணை முடியும்வரை கொடுப்பது. ‘பணியிடை நீக்கம்’ என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் அதற்கும் சஸ்பென்ஷன், மேடு பள்ளத்தில் குலுங்காமல் வண்டியைத் தாங்கும் அடிப்பாகத்துக்கும் சஸ்பென்ஷன். மொழிபெயர்ப்பு எந்திரம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது, சரி, எந்திரத்துக்குத் தெரியாது. அதை அப்படியே எடுத்துப் போடும் மனிதருக்குக் கண் இல்லையா? ‘முன் இடைநீக்கம் மென்மையாக உள்ளது’ என்று கார் விமர்சனத்தில்கூட எழுதுகிறார்கள். படிப்பவர் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சொல்லை எதற்கு எழுத வேண்டும்?

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘சஸ்பெண்டெரே’, அதாவது கீழிருந்து மேலே தூக்கித் தொங்கவிடுவது. ‘சஸ்’ என்பது ‘சப்’ என்ற முன்னொட்டின் திரிபு. ‘பெண்டெரே’ என்றால் தொங்கவிடு, நிறு. நம் ‘தூக்கு’ என்ற சொல்லிலும் தொங்கவிடுவதும் நிறுப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. ‘சீர்தூக்கிப் பார்’ என்கிறோமே, அது தராசிலிருந்து வந்தது. வேலையிலிருந்து நிறுத்துவது, பாலத்தைத் தொங்கவிடுவது, நீரில் துகள் கரையாமல் மிதப்பது எல்லாம் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இடைநீக்கத்தை விடுங்கள், அது அறியாமை. நான் சண்டை போட விரும்புவது விவரம் தெரிந்தவர்கள் எழுதும் ‘தொங்கல் அமைப்பு’ என்ற சொல்லோடு. தொங்கு பாலம் சரி, பாலம் தொங்குகிறது. வேதியியல் பாடத்தில் கரைசல், கூழ்மம், தொங்கல் என்று படித்தோம், அதுவும் சரி. ஆனால் வண்டியில் எது தொங்குகிறது?

ஒரு காலத்தில் தொங்கியது, அதை மறுக்கவில்லை. ஐரோப்பாவின் பழைய கோச்சு வண்டிகளில் பெட்டியைத் தோல்வார்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவிலேயே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்டு நகரில் 1827 முதல் செய்த கான்கார்டு கோச்சுகள் கனத்த தோல்வார்களின் மேல்தான் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு போயின. அப்போது சஸ்பென்ஷன் என்று சொன்னவன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். ஆனால் அதற்கு முன்பே, 1804இல், இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் நீள்வட்ட வடிவ இரும்புப் பட்டைகளின் மேல் வண்டியை உட்கார வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வார் போய்ப் பட்டை வந்தது, பெயர் மட்டும் பழையதே தங்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு அது பழக்கம், அவர்களுக்கு உறுத்தாது. நாம் இன்றைக்குப் புதிதாக ஒரு சொல் ஆக்கும்போது இருநூறு வருஷத்துக்கு முந்தைய தோல்வாரை எதற்கு உள்ளே இழுத்து வர வேண்டும்?

ஒரு பழைய பிக்கப்பின் கீழே படுத்துப் பாருங்கள். 1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா நான்கு சக்கர இயக்க பிக்கப்பை எடுத்துக்கொள்வோம், இந்த வேலையை வீட்டில் செய்பவர்களுக்கு அது செல்லப்பிள்ளை. முன்னாலும் பின்னாலும் இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் முழு அச்சு. ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் பல பட்டைகளை அடுக்கிய ஒரு கட்டு, நடுவில் அது அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும், இரண்டு யூ போல்ட்டுகள் அதை அச்சோடு இறுக்கிப் பிடித்திருக்கும். கட்டின் இரு முனைகளும் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்கின்றன, அதில் ஒரு முனை மட்டும் ‘ஷேக்கிள்’ என்ற ஆடும் இணைப்பு வழியாக; பட்டை அமுங்கும்போது நீளும் அல்லவா, அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் அது. மேலே இருக்கும் மொத்த பாரமும் பட்டையின் மேல் இறங்குகிறது, பட்டை அச்சின் மேல், அச்சு சக்கரத்தின் மேல். எல்லாம் தாங்குகிற வேலை.

‘அச்சுக்கு அடியில் பட்டை போகும் வண்டிகள் உண்டே, அதில் சேசிஸ் அச்சிலிருந்து தொங்கத்தானே செய்கிறது?’ என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1987 மாடலாக வந்த ஜீப் ரேங்லர் ஒய்ஜே அப்படித்தான், பாரம் யூ போல்ட் வழியாக அச்சுக்கு ஏறுகிறது. ஆனால் அதே ஜீப்பில் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றி வைத்து வண்டியை உயர்த்துகிறார்கள், அது பரவலாக நடக்கும் வேலை. மாற்றிய மறுநாளே அது தொங்கல் அமைப்பு இல்லை என்று ஆகிவிடுமா? பட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் பொய்யாகும் என்றால் அது பெயரே இல்லை.

சரி, தமிழில் எதைச் சொல்வது? இதற்குப் புதிதாக மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை. நம் ஊரில் ‘வில்வண்டி’ ஓடியது. பெட்டிக்கும் அச்சுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டை வைத்த மாட்டுவண்டி, குலுங்காமல் போகும், வசதியுள்ளவர்கள் வைத்திருந்தார்கள். மலையாளத்திலும் அதே பெயர்தான். 1893இல் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி திருவிதாங்கூரில், தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் ஓட்டிப்போனது வில்லுவண்டியைத்தான். அந்த வண்டியைப் பார்த்தவர்கள் எதுவும் தொங்குவதாக நினைக்கவில்லை, வில்லைப் பார்த்தார்கள், வில்வண்டி என்றார்கள். இந்திக்காரர் பட்டையைக் ‘கமானி’ என்கிறார், பாரசீகத்தில் கமான் என்றால் வில். ஜெர்மன்காரர் இதற்கு வைத்த பெயர்களில் ஒன்று ‘ஃபேடெருங்’, ‘ஃபேடர்’ என்றால் ஸ்பிரிங். டச்சு மொழியில் ‘ஃபேரிங்’, அதுவும் அப்படியே. கார் செய்வதில் பேர்போன நாட்டுக்காரன் கண்ணிலும் வில் பட்டிருக்கிறது.

அதனால் என் சொல் ‘வில்லமைப்பு’. ‘எல்லா வண்டியிலும் பட்டை இல்லையே’ என்பார்கள். சுருள் இருந்தால் அது சுருள்வில், பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொன்ன அதே டொயோட்டாவில் 1986 மாடல் முதல் முன்பக்கப் பட்டை போய் முறுக்கிக்கொள்ளும் கம்பி வந்தது, அது முறுக்குவில். காற்றுப்பையில் நிற்கும் சொகுசுப் பேருந்துக்குக் காற்றுவில். வளைந்து கொடுத்து, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதெல்லாம் வில்தான்.

‘தாங்கமைப்பு’ என்று சொல்பவர்களும் உண்டு, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பேரிங்குக்குத் ‘தாங்கி’ என்று ஏற்கெனவே வைத்தாகிவிட்டது, ஒரே சக்கரத்துக்குள் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

பட்டறைக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. லாரி மெக்கானிக் ‘பட்டை உடைஞ்சிருச்சு’ என்பார், முடிந்தது. அந்தப் பட்டையின் இரும்பு எப்பேர்ப்பட்டது என்பதும் ஊருக்கே தெரியும், உடைந்த லாரிப் பட்டையை வாங்கித்தான் கொல்லர் அரிவாள் அடிப்பார். இத்தனை புழங்கிய சொல் இருக்க, மொழிபெயர்ப்பில் ‘இலை வசந்தம்’ என்று வருகிறது. லீஃப் என்றால் இலை, ஸ்பிரிங் என்றால் வசந்தம், ஆகவே இலை வசந்தம். ஷேக்கிள் ‘விலங்கு’ ஆகிவிடுகிறது. பாகத்தைச் சேசிஸில் பிடிக்கும் பிராக்கெட்டுக்கு ‘அடைப்புக்குறி’. ‘அடைப்புக்குறியைச் சேசிஸில் பொருத்தி இறுக்கவும்’ என்று ஒரு விற்பனைப் பக்கத்தில் என் கண்ணால் படித்தேன். இதை வைத்துக்கொண்டு ஒருவர் ஒன்றரை டன் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும்!

இது வெறும் மொழிப்பற்று விவகாரம் இல்லை என்று நான் கத்துவது இதனால்தான். வண்டியை உயர்த்த எளிய வழிகளில் ஒன்று, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு இரும்புக் கட்டை வைப்பது. ஆங்கிலத்தில் பிளாக். அதைப் பின் அச்சில் மட்டும்தான் வைக்கலாம், முன்னால் வைக்கவே கூடாது. பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னுக்கு வந்துவிடும், பிரேக்கின் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் நடக்கும், அந்த விசை கட்டையை நெம்புகோலாக்கிப் பட்டையை முறுக்கும், கட்டை நழுவினால் ஸ்டியரிங்கே கையில் இருக்காது. இந்த எச்சரிக்கை தமிழில் எப்படி வந்திருக்கிறது தெரியுமா? ‘முன் இடைநீக்கத்தில் தொகுதிகளைப் பயன்படுத்த வேண்டாம்.’ தொகுதி என்றால் நமக்குச் சட்டமன்றத் தொகுதி. ‘முன் பட்டைக்கு அடியில் கட்டை வைக்காதே’ என்று எழுத எத்தனை நிமிஷம் ஆகும்?

இன்னொரு இடம். பட்டையின் முனையில் இருக்கும் ‘கண்’ என்ற வளையத்துக்குள் போகும் போல்ட்டை, வண்டி ஜாக்கி ஸ்டாண்டில் இருக்கும்போதே முழுசாக முறுக்கிவிடக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. முன்னாலேயே இறுக்கினால் அந்தக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். யூ போல்ட்டைப் பொறுத்தவரை பழசைத் திரும்பப் போடாமல் புதுசு போட வேண்டும், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் எட்டாவது படித்தவருக்கும் விளங்கும் தமிழில் எழுத முடியும், எழுதுபவர் ஒருமுறை பட்டறைக்குப் போய்விட்டு வந்தால் போதும்.

ஷாக் அப்சார்பரையும் சொல்லிவிடுகிறேன், விட மனமில்லை. ‘அதிர்வு உறிஞ்சி’ என்கிறார்கள். பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்குவது வில்தான். வாங்கிய பிறகு அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்குமே, அந்த ஆட்டத்தைத் தணிப்பதுதான் இந்தக் குழாயின் வேலை. ஆகவே ‘தணிப்பான்’. ஆங்கிலப் பெயரே தவறு, பொறியாளர்கள் தங்களுக்குள் ‘டேம்பர்’ என்றுதான் சொல்கிறார்கள். தவறான பெயரைத் தேடிப் பிடித்து எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்க்கிறோம்.

அப்புறம் ‘லிஃப்ட் கிட்’. இதைத் ‘தூக்கும் கருவி’ என்று எழுதாதீர்கள், அது ஜாக்கி. தூக்கினால் இறக்கிவிடுவோம், இது வண்டியோடே தங்கிவிடும் உயரம், அதனால் ‘உயர்த்து’ என்பதே பொருந்தும். கிட் என்பதும் கருவி இல்லை. வளைவு கூடிய பட்டைகள், நீளமான தணிப்பான்கள், யூ போல்ட்டுகள், வண்டிக்கு வேண்டுமென்றால் நீளமான பிரேக் ஹோஸ் என்று ஒரு சாமான் செட். ‘வில்லமைப்பை உயர்த்தும் செட்’ என்று நான் எழுதுவேன். ‘செட்’ தமிழா என்று கேட்பவர்கள் ‘தொகுப்பு’ போட்டுக்கொள்ளட்டும். ‘சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். கடன் வாங்கிய சொல் யாரையும் ஏமாற்றுவதில்லை.

கடைசியாக, இதோடு எப்போதும் குழப்பப்படும் இன்னொன்று. சேசிஸுக்கும் அதன் மேல் இருக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து, பாடியை மட்டும் உயர்த்துவது. அதில் வில்லமைப்பைத் தொடுவதே இல்லை. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், ஆனால் சேசிஸ் தரையிலிருந்து முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கும். ஆங்கிலத்தில் இது பாடி லிஃப்ட், தமிழில் ‘உடல் தூக்குதல்’ என்று போட்டிருக்கிறார்கள். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள், யாரும் உடல் கட்டுவதாகச் சொல்வதில்லை. ஒன்று ‘வில் உயர்த்தல்’, மற்றது ‘பாடி உயர்த்தல்’. இந்த இரண்டையும் பிரித்து எழுதினால், காசு கொடுத்து வாங்கப்போகிறவருக்குத் தனக்கு எந்த செட் வேண்டும் என்பதாவது தெரியும்.